‘நல்லா நடங்க’ என்றால் எவ்வளவு?

ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி கொடுப்பார்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் மி.கி. கணக்கு இருக்கும், காலை, மாலை, சாப்பிட்ட பின் என்று வேளை குறித்திருக்கும். பெரும்பாலும் கடைசி வரி இப்படி முடியும்: ‘உப்பு, எண்ணெய் குறைக்கவும். நடைப்பயிற்சி செய்யவும்.’ எவ்வளவு நேரம், எந்த வேகம், வாரத்துக்கு எவ்வளவு கூட்டுவது, எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவது என்று எதுவும் இருக்காது. மி.கி. எழுதாத சீட்டை நீட்டினால் மருந்துக்கடைக்காரர் மாத்திரை தரமாட்டார். நடைக்கு மட்டும் அளவு எழுதாமல் அனுப்பிவிடுகிறோம்.

அதனால் இரண்டு விதமான வீடுகளைப் பார்க்க முடிகிறது. ஒரு வீட்டில் அப்பாவைக் கட்டிலைவிட்டு இறங்கவே விடுவதில்லை. தண்ணீர் டம்ளர்கூட கைக்கு வந்துவிடும். இன்னொரு வீட்டில், ‘அடைப்பெல்லாம் எடுத்தாச்சு’ என்று பத்தாம் நாளே மெரினாவில் வேகநடை. இரண்டும் தப்பு. ஆனால் முதல் வீட்டில் நடக்கும் தப்பு அன்பு என்ற பெயரில் நடப்பதால் யாரும் தட்டிக் கேட்பதில்லை.

மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் படுக்கையிலேயே வைப்பதுதான் ஒரு காலத்தில் வைத்தியமாக இருந்தது. காலில் ரத்தம் உறைந்தது, நுரையீரலில் சளி கட்டியது, தசை கரைந்தது. 1952இல் அமெரிக்க மருத்துவர்கள் லெவினும் லவுனும் நோயாளிகளை முதல் நாட்களிலேயே நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டிய பிறகுதான் அந்த வழக்கம் மெல்ல உடைந்தது. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை 1975இல் நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தது. அறுவையில் இந்த ஊருக்கு ஐம்பது வருடக் கை இருக்கிறது. அறுவைக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பயிற்சிக்கு அந்த அளவு கவனம் இன்னும் வரவில்லை.

ஆஞ்சியோபிளாஸ்டியில் ரத்தக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் செய்வது ஒரு வேலைதான். 2 அல்லது 3 செ.மீ. நீளத்துக்கு ஒரு இடத்தைத் திறந்து வைக்கிறது. அந்த இடத்தை அடைத்த நோய் மற்ற ரத்தக் குழாய்களிலும் இருக்கிறது, நாளையும் இருக்கும். அதைக் கட்டுப்படுத்துவது மாத்திரை, நடை, சாப்பாடு, புகையை விடுவது ஆகியவைதான். முறையான மறுவாழ்வுப் பயிற்சி எடுத்துக்கொண்டவர்களில் இதய நோயால் இறப்பவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறார்கள் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த கணக்கு. பொதுவாக வாரம் 3 முறை, 12 வாரம், மொத்தம் 36 அமர்வு. ஆபத்து குறைவாக உள்ளவர்கள் இதே பயிற்சியை வீட்டிலேயே செய்தாலும் பலன் குறைவதில்லை. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் திறன் 40 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்கள், திறக்காத அடைப்பு மிச்சம் இருப்பவர்கள், துடிப்பு தாறுமாறாகப் போனவர்கள், கொஞ்சம் நடந்தாலே நெஞ்சு பிடிப்பவர்கள் ஆகியோர் மட்டும் ஈசிஜி பார்த்தபடி, ஆள் பக்கத்தில் இருக்கும் இடத்தில் தொடங்க வேண்டும்.

நடையின் அளவு

தொடங்கும் முன் ஆறு நிமிட நடைச் சோதனை செய்துவிடுவது நல்லது. 30 மீட்டர் நீளமுள்ள ஒரு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆறு நிமிடம் தன் வேகத்தில் நடக்கவேண்டும், மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம். பிசியோதெரபிஸ்ட் நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் மூன்றையும் முன்னும் பின்னும் குறிப்பார். ஒருவர் 360 மீட்டர் நடந்தார் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 மீட்டர். அதில் 80 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 48 மீட்டர் அவருடைய தொடக்க வேகம். பத்து நிமிடத்துக்கு 480 மீட்டர். மொட்டை மாடி 12 மீட்டர் நீளம் என்றால் 40 நடை. இப்படிக் கணக்காகச் சொன்னால் செய்யமுடியும், கூட்டமுடியும், எங்கே தப்பியது என்றும் கண்டுபிடிக்கமுடியும்.

சிக்கல் இல்லாத ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பிறகு முதல் வாரம் சமதரையில் 5 நிமிடம், நாளுக்கு மூன்று முறை. அடுத்த வாரம் 10 நிமிடம், இரண்டு முறை. பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் ஆறாவது வாரம் ஒரே மூச்சில் 30 நிமிடம் வந்துவிடும். நேரத்தை முதலில் கூட்டவேண்டும், வேகத்தை அப்புறம். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டுவதுதான் பலர் செய்யும் பிழை. அது இரண்டு மாத்திரையை ஒரே நாளில் டபுளாக்குவது மாதிரி. பக்கவிளைவு வந்தால் எது காரணம் என்று தெரியாது.

வேகம் சரியா என்று பார்க்க எளிய வழி பேச்சு. நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். பாட்டு பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம், இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் குறைக்கவேண்டும். எண்ணாகக் கேட்பவர்களுக்கு போர்க் அளவுகோல் இருக்கிறது. 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இதற்குமேல் முடியாது. இதய நோயாளிகள் 11க்கும் 13க்கும் நடுவே இருக்கவேண்டும்.

ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் ‘220இலிருந்து வயதைக் கழி’ அட்டவணையை இவர்கள் பயன்படுத்தவே கூடாது. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வயது 55. நாடித் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறார். ஓய்வில் நாடி 64. மாத்திரை போட்டுக்கொண்டே செய்த ட்ரெட்மில் சோதனையில் அதிகபட்சம் 124 போனது. இரண்டுக்கும் வித்தியாசம் 60. அதில் 40 சதவீதம் 24, 60 சதவீதம் 36. ஆக 88க்கும் 100க்கும் இடையே இவருடைய நாடி ஓடவேண்டும். சுவர் அட்டவணைப்படி பார்த்தால் 165இல் 70, 80 சதவீதம் என்று 115 முதல் 132 வரை வரும். தன் உச்சத்தையே தாண்டச் சொல்கிறது அது. சோதனையில் 110 துடிப்பில் நெஞ்சு பிடித்திருந்தாலோ ஈசிஜி மாறியிருந்தாலோ அதற்கு 10 துடிப்பு கீழே, 100ஐத் தாண்டக்கூடாது. ட்ரெட்மில் இன்னும் செய்யவில்லை என்றால் ஓய்வு நாடிக்கு மேல் 20 போதும்.

முதல் 5, 10 நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடேற்றுவதை எல்லோரும் செய்கிறார்கள். கடைசி 10 நிமிடம் மெதுவாக நடந்து முடிப்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வேகமாக நடந்தவர் சட்டென நின்று பெஞ்சில் உட்கார்ந்தால், விரிந்திருக்கும் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் தேங்கி இதயத்துக்குத் திரும்புவது குறையும். அழுத்தம் விழும், கண் இருட்டும், சிலருக்குத் துடிப்பு தப்பும். பூங்காவில் மயங்கி விழுபவர்களில் பலர் நடக்கும்போது விழுவதில்லை, நடந்து முடித்த பிறகே விழுகிறார்கள். முடித்தவுடன் வெந்நீர்க் குளியலும் வேண்டாம், காரணம் அதேதான். 15 நிமிடமாவது ஆறட்டும்.

சென்னையில் எங்கே நடப்பது என்பதும் மருத்துவக் கேள்விதான். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மணலில் நடக்கக்கூடாது. ஒரே வேகத்தில் மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். கரையோர நடைபாதையிலேயே இருங்கள். நாகேஸ்வர ராவ் பூங்கா, பனகல் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா போன்ற இடங்கள் நல்லவை: தரை சமம், நிழல் உண்டு, உட்கார இடம் உண்டு, நாய் துரத்தும் தெரு இல்லை. பெசன்ட் நகரில் 2023இல் அரசு தொடங்கிய 8 கி.மீ. நடைபாதை பிறருக்கு நல்லது. இவர்கள் மூன்று மாதத்துக்கு முன் முழுச் சுற்றுக்கு ஆசைப்படவேண்டாம்.

நம் ஊர்ப் புழுக்கம் தனிக்கணக்கு. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், கடற்கரை ஈரக்காற்றில் அது காயாது. உடம்பைக் குளிர்விக்க இதயம் தோலுக்கு ரத்தத்தை வாரி இறைக்கும், அதே நடைக்கு நாடி 10, 15 கூடுதலாக ஓடும். எனவே சித்திரை, வைகாசியில் தூரத்தைப் பார்க்காமல் நாடியைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள். காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு மொட்டை மாடியில் நடப்பது நல்லதல்ல, பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் அப்போதுதான் வெளியே விடும். போகிப் புகையிலும் தீபாவளிப் புகையிலும் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கவேண்டும்.

படிக்கட்டு இங்கே தவிர்க்கமுடியாதது, லிஃப்ட் இல்லாத மூன்று மாடி வீடுகள் ஏராளம். மருத்துவமனையைவிட்டு வருவதற்கு முன்பே ஒரு மாடி ஏறிக் காட்டச் சொல்லவேண்டும். ஏறும்போது மூச்சைப் பிடிக்காமல் விட்டுக்கொண்டே ஏறவேண்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நிமிடம் நிற்கவேண்டும். முதல் வாரம் நாளுக்கு ஒருமுறை இறங்கி ஏறினால் போதும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் நடக்கும் முன் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுவிட்டு நடக்கட்டும். மெட்டோப்ரோலால் வகை மாத்திரை, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் கைநடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வை மட்டுமே தெரியும். அதுபோல இவர்களுக்கு மாரடைப்பிலும் நெஞ்சுவலி வராமலே போகலாம். நேற்றுவரை சுலபமாக நடந்த தூரத்துக்கு இன்று மூச்சு வாங்கினால் அதையே வலியாக எடுத்துக்கொள்ளவேண்டும்.

‘வீட்டு வேலையே நடைதானே’ என்று பெண்களைச் சமையலறைக்கு அனுப்பிவிடுவது இன்னொரு அநியாயம். வீட்டு வேலை இடையிடையே நின்று நின்று நடப்பது, பத்து நிமிடம் ஒரே சீராக நாடியை உயர்த்தி வைக்காது. அதே சமயம் குனிந்து தரை துடைப்பதும் துணி பிழிவதும் தேவையில்லாத நேரத்தில் அழுத்தத்தை ஏற்றும். அவருக்கும் காலையில் அரைமணி நேரம் தனியாக வேண்டும். அந்த அரைமணி நேரம் காபி போடுவது வேறொருவர் வேலை.

நெஞ்செலும்பு கூடும் வரை

பைபாஸில் நெஞ்செலும்பை நடுவே பிளந்து, முடித்ததும் எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். கம்பி பிடித்துத்தான் வைக்கிறது, எலும்பு தானாகக் கூடவேண்டும். அதற்கு 6 முதல் 8 வாரம், முழு பலம் வர 12 வாரம். அதுவரை 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ, அதைக் கவிழ்ப்பதற்கு இரு கையும் நெஞ்சும் சேர்ந்து இழுக்கும். குடம், சிலிண்டர், பேரக்குழந்தை, டூவீலரை சென்டர் ஸ்டாண்ட் போடுவது, கடை ஷட்டரை இழுப்பது, மாநகரப் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவது எல்லாம் இதே பட்டியல். ஒரு கையால் மட்டும் கனம் இழுப்பது இன்னும் மோசம், எலும்பின் இரு பாதியும் எதிரெதிராக நகரும். எழும்போது கையை ஊன்றாமல், பக்கவாட்டில் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, அந்த எடையின் உதவியால் எழவேண்டும். இருமலும் தும்மலும் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளவேண்டும்.

மூச்சு இழுக்கும்போதோ திரும்பும்போதோ நெஞ்சில் ‘டிக்’ என்று சத்தம் வந்தால், காயம் சிவந்தால், கசிந்தால், காய்ச்சல் அடித்தால் அடுத்த ரிவ்யூ தேதிவரை காத்திருக்காமல் அன்றே காட்டவேண்டும். பெண்களுக்கு மார்பின் எடை தையலை இருபுறமும் இழுக்கும். முன்பக்கம் கொக்கி வைத்த, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடையை இரவிலும் போட்டுக்கொண்டால் வலியும் காயம் பிரிவதும் குறையும். கூச்சத்தில் இதை யாரும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை.

மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவியை வாங்கிக்கொடுப்பார்கள். பாதிப்பேர் அதில் ஊதுகிறார்கள். அது இழுக்கும் கருவி. மூச்சை வெளியே விட்டு, வாயில் குழாயைக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்கவேண்டும். மூன்று பந்தையும் ஒரே வெடுக்கில் தூக்குவது பெருமையல்ல, இரண்டு பந்தை மூன்று விநாடி மேலே நிறுத்தினால்தான் நுரையீரலின் அடிப்பகுதி விரியும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை. காலில் ரத்தநாளம் எடுத்த பக்கம் வீங்குவது சகஜம். உட்காரும்போது காலை ஸ்டூலில் தூக்கி வையுங்கள், அழுத்திப் பிடிக்கும் காலுறை போடுங்கள்.

மலச்சிக்கலை யாரும் இதய விஷயமாக நினைப்பதில்லை. மூச்சைப் பிடித்து முக்கினால் அழுத்தம் ஏறி இறங்கும். சில வாரத்துக்கு வெஸ்டர்ன் டாய்லெட், ராத்திரி இசப்கோல், போதுமான தண்ணீர். பம்பிங் குறைந்தவர்களுக்குத் தண்ணீர் அளவை மருத்துவர் சொல்லியிருப்பார், அதைத் தாண்டவேண்டாம்.

மாத்திரைகள்

ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல், டிகாகிரிலார், பிரசுக்ரெல் ஆகியவற்றில் ஒன்று. மாரடைப்புக்குப் பின் வைத்த ஸ்டென்ட்டுக்கு வழக்கமாக 12 மாதம் இரண்டும், அதன்பின் பெரும்பாலும் ஆஸ்பிரின் மட்டும். இதை இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம், அது பழைய அடைப்பைவிடக் கொடியது. பல் பிடுங்கப் போகும்போது ‘ஐந்து நாள் நிறுத்திட்டு வாங்க’ என்று சொன்னால் நிறுத்துவதற்கு முன் இதய மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலான பல் பிடுங்கல்களை மாத்திரையோடே செய்யமுடியும். டிகாகிரிலார் சிலருக்கு மூச்சுமுட்டலைத் தரும். அது நோய் திரும்பியதாகவும் இருக்கலாம், மருந்தின் குணமாகவும் இருக்கலாம், காட்டித்தான் தெரிந்துகொள்ளவேண்டும். அது நாளுக்கு இரண்டு வேளை, ராத்திரி வேளையை மறப்பதுதான் வழக்கமான தவறு.

அடிக்கடி நடக்கும் விபத்து இரட்டிப்பு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்ந்த காப்ஸ்யூல் ஒன்று இருக்கிறது. ஒரு மருத்துவர் தனித்தனியாக எழுதுவார், அடுத்தவர் காப்ஸ்யூலாக எழுதுவார், பழையதும் புதியதும் வீட்டில் ஒன்றாகக் கிடக்கும். பிராண்ட் பெயர் வேறு என்பதால் இரண்டையும் விழுங்குவார்கள். ரிவ்யூவுக்குச் சீட்டை மட்டும் கொண்டுபோகாமல் வீட்டில் உள்ள எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் இவர்களுக்கு ஆகாது. பாராசிட்டமால் கேளுங்கள். குளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு வயிற்று மாத்திரை ஒமெப்ரசோலைவிட பான்டோப்ரசோல் பொருத்தம். ரத்த அழுத்த மாத்திரையான ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும், இரண்டு பாட்டில் டானிக் குடித்தும் நிற்காத இருமலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம், மாற்று உண்டு. மெட்டோப்ரோலாலைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பலாம்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையின் அளவு பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பயந்து பாதியாக உடைத்துப் போடுபவர்கள் அதிகம். 40 அல்லது 80 மி.கி. அடோர்வாஸ்டாட்டின் வேண்டுமென்றே கொடுப்பது. கெட்ட கொழுப்பு எல்டிஎல் 55க்குக் கீழே, பாதிக்கும் மேல் குறையவேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டல். நம் நாட்டு கொழுப்பியல் வல்லுநர்கள் 50க்குக் கீழே கேட்கிறார்கள். லேப் தாளில் ‘100க்குள் நார்மல்’ என்று அச்சிட்டிருப்பது நோய் வராதவர்களுக்கு. தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி பார்த்து, போதவில்லை என்றால் எசிடிமைப் 10 மி.கி. சேர்ப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், வீட்டில் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய். சமையலில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு என்று தொட்டுக்கொண்டால் கணக்கு தீராது. மத்தி மீனை வறுக்காமல் குழம்பு வையுங்கள். கடற்கரையில் சுண்டல் வாங்கலாம், பக்கத்துக் கடை பஜ்ஜி எண்ணெய் எத்தனையாவது கொதி என்று யாருக்கும் தெரியாது. சிறுநீரகம் பாதித்தவர்கள் ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கும்போது தினமும் இளநீர் குடித்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

மாரடைப்புக்குப் பின் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. தூக்கமின்மை, எரிச்சல், ‘இனி எதுக்கு’ என்ற பேச்சு. மாத்திரையை விடுவதும் நடையை விடுவதும் அங்கிருந்துதான் தொடங்கும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம். புகையிலையை விட 1800112356. தாம்பத்தியம் பற்றி வாய்விட்டுக் கேட்கச் சங்கடப்படுகிறார்கள். மூச்சு வாங்காமல், நெஞ்சு பிடிக்காமல் இரண்டு மாடி ஏறமுடிந்தால் பொதுவாகத் தடையில்லை. பைபாஸ் ஆனவர் நெஞ்செலும்பில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். விறைப்புக்காகச் சில்டெனாஃபில் (வயாகரா) போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், டாடலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்குள்ளும், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நாக்கடி மாத்திரையை வைத்தால் ரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு விழும். ஆம்புலன்ஸில் வருபவரிடம் இதைச் சொல்லியாகவேண்டும்.

கார்த்திகையில் மாலை போடுபவர்கள் ட்ரெட்மில் சோதனையில் தேறிய பிறகு போடட்டும். பம்பையிலிருந்து ஏறும் செங்குத்து, வெறுங்கால், இருமுடி, கூட்ட நெரிசல் நான்கும் சேர்ந்தது சாதாரண நடையல்ல.

நடுராத்திரி நெஞ்சை அழுத்தினால் முதலில் உட்காருங்கள், நின்றுகொண்டு நாக்கடி மாத்திரை போட்டால் தலைசுற்றி விழுவீர்கள். 5 மி.கி. சார்பிட்ரேட் நாக்குக்கு அடியில். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 108. ஆட்டோவும் வேண்டாம், மகனின் பைக்கும் வேண்டாம். வழியில் துடிப்பு நின்றால் ஷாக் கொடுக்கும் கருவி ஆம்புலன்ஸில்தான் இருக்கும். ஊருக்குப் போன இடத்தில் வந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள். 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரையை அங்கே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஸ்டென்ட் கார்டு, கடைசி ஈசிஜியின் நகல், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசல் சாவி மாட்டும் ஆணியிலேயே மாட்டி வையுங்கள். வீட்டைப் பூட்டுபவர் கையில் அதுவும் சேர்ந்து வரும்.